பெயர் சொல்லி ஒரு ஜெபம்

முன்பெஞ்சு எழுந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

காலை ஒதுக்கி, பக்கத்தில் இருந்தவர்களுக்கு வழி விட்டாள். போங்க, போங்க என்று கை காட்டினாள். பார்ப்பவர்களுக்கு அது தாழ்மையாகத் தெரிந்திருக்கும்.

பீடத்துக்கு முன்னால் ஒரு தடவைக்குப் பத்துப் பேர் முழங்கால் போடலாம். அவர்கள் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு அடுத்த பத்துப் பேர். ஆராதனை தொடங்கியதிலிருந்து, யார் எந்தப் பத்தில் போவார்கள் என்றுதான் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட காதில் ஏறவில்லை.

தபீத்தாளோடு ஒரே வரிசையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

தபீத்தாளுக்கு எப்போதும் இரண்டாம் பெஞ்சு. முதல் பத்திலேயே போய்விடுவாள். அந்தப் பக்கம் இவள் தலையைத் திருப்பவே இல்லை. கடைசியாகப் போனால் வம்பில்லை.

போன மாதம் தபீத்தாள் இவள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். மகள் பெர்சிஸுக்குச் சின்ன வயதில் இரண்டு முறை வலிப்பு வந்ததாம். அப்புறம் வரவே இல்லை. இப்போது நல்ல இடத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள், பயமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இவளும் ஜெபித்தாள்.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில். சத்தமாக. கண்ணீரோடு. பெர்சிஸ் என்று பெயர் சொல்லி, வலிப்பு என்று வியாதியையும் சொல்லி.

கர்த்தருக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்ன?

அன்று தபீத்தாள் வரவில்லை. வந்திருந்த இருபத்துமூன்று பேரும் ஆமென் சொன்னார்கள். அவர்கள் மூடியிருந்தது கண்களை மட்டும்தான்.

பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். விஷயம் எப்படி வெளியே போனது என்று தபீத்தாளுக்கு இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் இருந்த யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. ஜெபத்தைப் போய் யார் குற்றம் சொல்வார்கள்?

நல்ல எண்ணத்தில்தானே செய்தோம் என்று இவளும் தனக்குச் சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை நான்கைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பாரத்தோடு ஜெபித்தீர்கள் என்றார்கள். அது இவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

கடைசிப் பத்து.

எழுந்து நடந்தாள். பின்னால், கதவோரப் பெஞ்சிலிருந்து இன்னொருத்தியும் எழுந்து வந்தாள்.

தபீத்தாள்.

ஊர் முகத்தில் விழிக்க மாட்டாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் பெஞ்சிலிருந்து அவளைக் கதவோரத்துக்குத் தள்ளியது யார் என்று இவளுக்குத் தெரியும்.

திரும்பிப் போய்விடலாமா? எல்லாரும் பார்ப்பார்கள்.

முழங்கால் பலகையில் இரண்டு இடம்தான் மிச்சம் இருந்தது. இவள் தயங்கி நிற்க, தபீத்தாள் முந்தி வந்து நெருக்கி முழங்கால் போட்டு, சேலையை ஒதுக்கி, கடைசி இடத்தை இவளுக்கு விட்டாள். இவளும் முழங்கால் போட்டதும் பக்கமாக மெல்லக் குனிந்தாள்.

"பிள்ளைக்கு வேற எடம் ஒண்ணு வந்துருக்குக்கா. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். ஜெபிச்சுக்கோங்க."

போதகர் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

நாலு பேர். மூன்று பேர்.

தபீத்தாள் இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தினாள். அப்பம் விழுந்தது. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. யார் பெயர் அந்த உதட்டில் என்று கேட்கவே வேண்டாம்.

போதகரின் அங்கி இவள் முன்னால் வந்து நின்றது.

கை எழும்பவில்லை.

கவனிக்கவில்லை போல என்று அவர் சற்றுக் குனிந்தார். இவள் தலையை அசைத்தாள். வேண்டாம்.

பின்னால் யாரோ இருமினார்கள். ஆர்மோனியம் மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. போதகர் ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தார்.

தபீத்தாள் கண்ணைத் திறந்தாள். இவளுடைய வெறும் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

அந்தக் கோடியில் ரசக் கிண்ணம் புறப்பட்டுவிட்டது. ஒரே கிண்ணம். ஒவ்வொரு வாயாக வருகிறது.

அது வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவள் தபீத்தாளின் காதருகே குனிந்தாள்.