கிளட்சில் ஒரு சொட்டு எண்ணெய்

பழைய புல்டோசர் ஒன்றில் பெரிய டீசல் இன்ஜினை எழுப்புவதற்கென்றே ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்தது. இரண்டையும் இறுக்கிப் பிடித்துச் சேர்ப்பது கிளட்சின் வேலை. மூன்று நாளாக அது வழுக்கியது. சின்னது ஓடியும் பெரியது அசையவில்லை. இன்றும் எழாவிட்டால் வண்டி பழைய இரும்புக்கடைக்குத்தான்.

"ஏன் நழுவுறேன்னு எனக்கே புரியல," என்றது கிளட்ச்.

"தேஞ்சுட்டியோ?" என்றது பெரிய இன்ஜின், தூக்கக் கலக்கத்தில்.

"தேயலையே. மெக்கானிக் சூசை அளந்து பார்த்துட்டாரு."

சூசை மறுபடி மூடியைக் கழற்றி, கிளட்ச் தட்டை விரலால் தடவினார். விரலில் எண்ணெய். "இங்க எண்ணெய் படவே கூடாதே, உரசினாத்தானே பிடிக்கும். எப்படி வந்துச்சு?" என்று முணுமுணுத்தார்.

கிளட்சுக்கும் அதே கேள்விதான். சின்ன இன்ஜின் தயங்கித் தயங்கிச் சொன்னது.

"நான்தான் விட்டேன். தினமும் நீ உரசிக் கிறீச்சிடுறது கேக்கவே பாவமா இருந்துச்சு. அதான் ஒவ்வொரு சொட்டா."



சூசை தட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்து, மூடியை மாட்டி, சின்ன இன்ஜினை ஓடவிட்டு லீவரை இழுத்தார். கிளட்ச் கிறீச்சிட்டது. சின்ன இன்ஜினின் ஓட்டம் தளர்ந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"கேட்டுக்கிட்டு நிக்காத, ஓடு," என்றது கிளட்ச்.

பெரிய இன்ஜின் கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்தது.