பிரிக்காத பன்னிரண்டு

விற்கிறவருக்கு இவ்வளவு அவசரம் இருந்தால் எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். காசிலிங்கம் மனசுக்குள் அப்படி முடிவு கட்டிக்கொண்டு, அந்தப் படகை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தார்.

வள்ளியூருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நின்றது படகு. வயது மூன்றே வருஷம். முன்னால் கண்ணாடி வைத்த கேபின், பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார இருக்கை. குமரிப் பக்கம் காயலில் ஓடிய படகு என்று தரகர் சொல்லியிருந்தார். சொந்தக்காரர் தேவசிகாமணியோ, காசிலிங்கம் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டார். பேரமே பேசாமல் ஒரு மனுஷன் விற்றால் வாங்குகிறவன் எப்படி நிம்மதியாக வாங்குவது?

வாங்காமலும் முடியாது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து அணையில், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பத்தொன்பது வருஷம் ஓடிய அவருடைய பழைய கேபின் படகு, பொங்கலுக்கு மறுநாள் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. குழந்தை குட்டிகளோடு பதினோரு பேர் அதில் இருந்தார்கள். அன்றோடு அந்தப் படகை ஓட்டக் கூடாது என்று அணை அதிகாரி சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் நல்ல படகும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் காட்டாவிட்டால் அந்தப் படகுத்துறை வேறொருவர் கைக்குப் போய்விடும். அவருக்கும், இனி படகு ஓட்டப்போகிற மகன் பேச்சிராஜுக்கும் வேறு தொழில் தெரியாது.

"பழசை உடைக்கக் குடுத்த அன்னைக்கு, வீட்ல ஒரு சாவு விழுந்தாப்ல இருந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு நாளா சோறு எறங்கல" என்றார் காசிலிங்கம். கொஞ்சம் மனசு இளகினால் எஞ்சின் ரகசியத்தைச் சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசைதான்.

தேவசிகாமணி ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினின் விசிறி முங்கும்படி வைத்தார். பேச்சிராஜ் சாவியைத் திருப்பியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

"இவ்வளவு நல்ல படகை ஏன் குடுக்கீய?"

"ஓட்ட ஆளில்ல."

"இதுவரைக்கும் ஆரு ஓட்டுனா?"

"எம் மவன்."

வெளிநாடு போய்விட்டாரா என்று காசிலிங்கம் கேட்டார். தேவசிகாமணி குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த கயிறு ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். துபாயோ மஸ்கட்டோ, மகன் சொல்லாமல் போயிருப்பான் போல என்று காசிலிங்கம் நினைத்துக்கொண்டார். தேவசிகாமணியின் மனைவி ஆவுடைத்தாய், இவர்கள் வந்ததிலிருந்து தோப்பு வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். படகுப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அந்தம்மாவுக்கு விற்க இஷ்டமில்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

அந்த நேரத்தில்தான் கேபினுக்குள் ஏறிய காசிலிங்கத்தின் மனைவி இசக்கியம்மாவின் குரல் கேட்டது. "இங்கன வந்து பாருங்க."

இருக்கைக்கு அடியில் பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் கடையிலிருந்து வந்த பாலிதீன் உறைக்குள் அப்படியே இருந்தன. மூன்று வருஷத்தில் ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

இசக்கியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு ஏழு வருஷமாகப் பாலிதீன் சட்டை கழன்றதில்லை. ஃபிரிட்ஜ் கைப்பிடி இன்னும் கடை உறையோடுதான் இருக்கிறது. இந்த வீட்டம்மா தன்னைப் போல ஒருத்தி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காசிலிங்கத்தின் சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது. ஜாக்கெட்டையே இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தவர்கள் எஞ்சினையா கவனிக்காமல் விட்டிருப்பார்கள்!

முன்பணம் கைமாறியது. பேச்சிராஜ் அளவு பார்க்க ஒரு ஜாக்கெட்டை எடுத்து உறையில் நகத்தை வைத்தான். இசக்கியம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஏலே, பிரிச்சிராத. புதுசு அழுக்காயிரும்லா. ஆபீசர் வாற அன்னைக்கு எடுத்துக் காட்டுனா போதும். ஒனக்குத்தான் நீச்சல் தெரியுமே."

வாசல்படியில் இருந்த ஆவுடைத்தாய் எழுந்தாள். நேராகப் படகுக்கு வந்தாள். இசக்கியம்மாவின் கையிலிருந்ததை வாங்கி, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். இரண்டாவதையும் கிழித்தாள். மூன்றாவதையும் கிழித்தாள். யாரும் தடுக்கவில்லை. பன்னிரண்டும் பிரிந்து கிடந்தபோது, பாலிதீன் காற்றில் தோப்பெங்கும் பறந்துகொண்டிருந்தது.

இசக்கியம்மாவுக்கு ஆத்திரமான ஆத்திரம். விற்க மனமில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே, அடுத்தவர் பொருளை இப்படிப் பாழாக்கலாமா என்று கேட்டேவிட்டாள். தேவசிகாமணி தென்னை மரத்தில் நெற்றியை வைத்து நின்றார்.

ஆவுடைத்தாய் ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பேச்சிராஜுக்குப் போட்டுவிட்டாள். மேல் கொக்கி, நடுக் கொக்கி, கீழ்க் கொக்கி மூன்றையும் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். கடைசிக் கொக்கியை விட்டுக் கையை எடுக்க அவளால் முடியவில்லை.

பிறகு இசக்கியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிரிச்சிராத, ஒனக்குத்தான் நீச்சல் தெரியுமேன்னு நானும் எம் பிள்ளைகிட்ட இப்படித்தான் தாயி சொன்னேன்."