நீல ரோபோவின் குறைகள்

பல் டாக்டர் ரப்பர் உறை மாட்டிய கையால் அந்தக் குட்டிக் கண்ணாடியை உள்ளே நுழைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இடது பக்கம் ஆட்டம் குடுக்குது,” என்றார்.

“வலது பக்கமும்தான்,” என்றாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்.

அவர் பார்த்தது யாருடைய வாயையும் அல்ல. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீல ரோபோ. காலை மடக்கி, தலையை உள்ளே தள்ளி, முதுகைத் திருப்பினால் காராகிவிடும் பழைய பொம்மை. பொம்மை சேகரிப்பவர்களுக்காக நடக்கும் சந்தை அது. மண்டபத்தின் நடுவே நீளமாக மேஜைகளைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நடக்க வழி விட்டிருந்தார்கள்.

இந்த நீலத்துக்காக அவர் ஏறி இறங்காத கடை இல்லை. வீட்டு அலமாரியில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன. காலியாகக் கிடந்த நாலாவது இடத்தில் அவர் மனைவி சீப்பு வைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் ஆசையை முகத்தில் காட்டினால் விலை எகிறிவிடும். அதனால் வந்ததிலிருந்து குறையாகவே அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நெஞ்சுக் கண்ணாடில கீறல்.”

“ஆமா. நல்லா ஆழமான கீறல்.”

“முன் சக்கரம் ஒண்ணு அசல் இல்ல. வேற ஏதோ பொம்மையோடது.”

“பின் சக்கரத்தையும் பாருங்க, ஆக்சில் வளைஞ்சிருக்கு.” அந்தப் பெண் மடியிலிருந்த பையை நகர்த்திவிட்டு விரலால் சுட்டிக் காட்டினாள். நகக்கண்களில் கறுப்பாக கிரீஸ் ஒட்டியிருந்தது. “நான் கார் மெக்கானிக். இதுல என் கண்ணு தப்பாது.”

டாக்டருக்குத் திகைப்பாக இருந்தது. இவ்வளவு யோக்கியமான வியாபாரியை அவர் பார்த்ததே இல்லை. “மடக்கிப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா. இதப் போயி என்கிட்ட கேக்கணுமா?”

அவர் காலை மடக்கினார், தலையைத் தள்ளினார், முதுகைத் திருப்பினார். ரோபோ காராகிவிட்டது. ஒரு கதவு மட்டும் மூடாமல் யானைக் காது மாதிரி விரிந்து நின்றது.

“கதவு ஒட்டல,” என்றார்.

“எப்படி ஒட்டும்? ஸ்பிரிங் செத்துப்போச்சு, சத்தத்துலயே தெரியுதே. உதிரி பாகத்துக்குக்கூட ஆகாது சார் இது.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை நேரம் அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது தாங்க முடியவில்லை.

“அப்படி ஒரேயடியா சொல்லாதீங்கம்மா,” என்றார். “இந்த நீலத்தப் பாருங்க, கொஞ்சமாவது மங்கியிருக்கா? கையில வச்சா என்ன கனம். இப்ப வர்றதெல்லாம் ஊதினா பறந்துடும். அந்த மூஞ்சியப் பாத்தீங்களா? மத்த ரோபோவெல்லாம் நம்மள முறைக்கும். இது மட்டும் சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.”

குரல் உயர்ந்ததில் போகிறவர்கள் சிலர் நின்றார்கள். காப்பிக் கோப்பையும் கையுமாக ஒரு பெரியவரும் நின்று கேட்டார்.

“சக்கரம் வேறயா இருந்தா என்ன? ஏதோ ஒரு குழந்தை ஓட்டி ஓட்டித் தேச்சிருக்கு. அதோட அப்பா உக்காந்து தேடிப் பிடிச்சு இத மாட்டியிருக்காரு. அதுக்குப் பேரு குறையா? இத வச்சிருக்கறவங்க குடுத்துவச்சவங்கம்மா.”

அந்தப் பெண் அவர் கையிலிருந்து காரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “நான் சக்கரத்த மட்டும்தான் சார் பாத்தேன்,” என்றாள் மெதுவாக.

போட்ட வேஷமெல்லாம் கலைந்துவிட்டது என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. “இனிமே மறைக்க என்ன இருக்கு? எனக்கு இது வேணும். விலையச் சொல்லுங்க.”

அவள் விழித்தாள். “நானா? நீங்கதானே சொல்லணும். விலை குறையட்டும்னுதானே நானும் இவ்வளவு நேரம் குறை சொல்லிட்டிருந்தேன்.”

“அப்ப இது உங்க கடை இல்லையா?”

“கால் வலிக்குதேன்னு ஸ்டூல்ல உக்காந்தேன், அவ்வளவுதான். கையுறையும் கண்ணாடியுமா நிக்கிறீங்களே, நீங்கதான் கடைக்காரர்னுல்ல நினைச்சேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவள்தான். டாக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “சரி, அப்ப கடைக்காரர் எங்கதான் போனாரு?”

பெரியவர் காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். அவள் கையிலிருந்த காரை இரண்டு கைகளாலும் வாங்கி, பழக்கப்பட்ட விரல்களால் பூப்போல ரோபோவாக நிமிர்த்தினார். அதன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“மன்னிச்சிடுங்க, இத நான் விக்கல.”