ஏட்டில் இல்லாத பெயர்

நாற்பத்தொரு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் காட்டிலிருந்து திரும்பியிருக்க வேண்டிய ஹன்னெலே, ஞாயிறு மதியம் ஒரு மணியாகியும் திரும்பவில்லை.

மாரெத்தின் மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் ஒரு சிவப்புப் பென்சில் கோடு. நாலு நாள், மூன்று குடில்கள், ஓர் ஆறு.

கோட்டைப் போட்டவள் மாரெத். பின்லாந்தின் வடகோடியில் இருந்த அந்தச் சிற்றூரில், காட்டுக்குள் நடக்க வருகிறவர்களுக்கு வழியும் தங்குமிடமும் எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

கோட்டின் மேல் ஒரு விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹன்னெலேயின் கணவன் ராய்மோவின் விரல். காலையிலிருந்து அவன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

“திட்டம் நல்லாத்தான் போட்டிருக்க. இதப் பாத்துட்டுதான் அவள விட்டேன். இல்லேன்னா, என்னைக் கேக்காம கடைக்குக்கூடப் போக மாட்டா.”

மாரெத் அவனுடைய கோப்பையில் காப்பி ஊற்றினாள். அவன் கைக்குப் பக்கத்தில் தொலைபேசி இருந்தது. ஹன்னெலே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையே அது அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஆறு முறை ஹன்னெலே இங்கே வந்திருந்தாள். ஆறு முறையும் வாசலில் ராய்மோ உட்கார்ந்திருந்த காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹாரன் ஒருமுறை ஒலித்தால் போதும், பாதிப் பேச்சில் எழுந்துவிடுவாள்.

மற்றவர்கள் எங்கே மீன் கிடைக்கும், எந்த மேட்டில் ஏறினால் தூரம் தெரியும் என்று கேட்பார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“குடில் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா?”

இருக்காது. காட்டுக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது. கடைசியாக நனைந்து வருகிறவருக்குத்தான் அங்கே முதல் இடம். முன்னால் வந்தவர்கள் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்.

அதுவரை யாரும் மாரெத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்று அவள் வரைபடத்தை மடித்து வைத்தாள். பிறகு மறுபடி விரித்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது ஏழு பேர் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். ஆறு பேர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ராய்மோவோடு கடமான் வேட்டைக்குப் போகிறவர்கள். ஏழாவது ஆள் மாரெத்தின் தம்பி யோவ்னா. கலைமான்களைப் பட்டிக்குத் திருப்பும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். ரேடியோவில் குரல் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரியும்.

ஹன்னெலேயின் கார் காட்டு முகப்பில் நிற்கிறது என்றார்கள்.

பத்து நிமிடம் முன்பு அடுத்த செய்தி வந்தது. மறுகரைப் பக்கமாகச் சுற்றிப் போனவர்கள் பார்த்த முதல் குடிலின் ஏட்டில் அவள் பெயர் இல்லை.

மழைக்கு ஒதுங்கிக் காப்பி குடித்தவர்கூடப் பெயரும் தேதியும் அடுத்துப் போகும் இடமும் எழுதாமல் குடிலை விட்டுக் கிளம்ப மாட்டார். எல்லாவற்றையும் யோசித்த மாரெத், அந்த ஏட்டை மட்டும் யோசிக்கவில்லை.

“அப்ப அவ குடிலுக்கே போய்ச் சேரல” என்றான் ராய்மோ. அவன் விரல் ஆற்றின் மேல் நின்றது. காருக்கும் குடிலுக்கும் நடுவே ஆபத்தான இடம் அது ஒன்றுதான்.

முழங்கால் அளவு என்று மாரெத் அங்கே எழுதியிருந்தாள். மூன்று நாள் மழைக்கு முன்னால் அது சரி.

ரேடியோ கரகரத்தது.

“அக்கா, இடுப்புல கயிறு கட்டியாச்சு. தண்ணில கால வெச்சா, கால் இருக்கா இல்லையான்னு யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும் போல. மடுவுல கோல் விட்டுத் துழாவிப் பாக்கறேன்.”

கடைசியில் அம்மாவின் மொழியில் ஒரு வார்த்தை சேர்த்தான். வரேன் என்று அர்த்தம்.

ராய்மோ முகத்தைச் சுளித்தான். “உங்க மான்காரப் பாஷைய வீட்ல வெச்சுக்கச் சொல்லு.”

யோவ்னாவுக்கு நீச்சல் தெரியாது. உறைய வைக்கும் அந்தத் தண்ணீரில் அவர்கள் வீட்டில் யாரும் கற்றதில்லை.

“தண்ணி வடியட்டும், யோவ்னா” என்றாள் மாரெத், எல்லோருக்கும் புரியும் பின்னிஷ் மொழியில்.

“அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்குவாளா?”

“இறங்கச் சொல்லு” என்றான் ராய்மோ. “நீ போட்ட வழிலதானே போனா? இப்ப உன் தம்பின்ன உடனே வலிக்குதா?”

அவள் எழப் பார்த்தாள். அவள் நாற்காலியை அவன் காலால் தடுத்திருந்தான். வேண்டுமென்றேயா, தெரியாமலா என்று சொல்ல முடியவில்லை.

ரேடியோவில் தண்ணீர்ச் சத்தம். கல் உருளும் சத்தம்.

“முட்டி வரைக்கும் வந்துடுச்சு” என்றான் யோவ்னா. பிறகு, “தொடை.” பிறகு, சிரிக்காமல், “அக்கா, இழுக்குது.”

மாரெத் பொத்தானை அழுத்தினாள்.

அந்த ஏழு பேரில் அம்மாவின் மொழி தெரிந்தவன் ஒருவன்தான். இந்த அறையில் தெரிந்தவள் ஒருத்திதான். ஆனால் பெயர்களும் ஊர்களும் எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் காதில் விழும். அவற்றைச் சொல்லக் கூடாது.

ராய்மோ அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேற்றுக் காலணியோடு வீட்டுக்குள் வந்த தம்பியைத் திட்டும் குரலில், மூச்சு விடாமல் சொன்னாள்.

“கரையேறுடா. அந்தப் பொண்ணு காட்டுக்குள்ள காலே வெக்கல. செவ்வாய்க்கிழமை காலைல நான்தான் அவள என் வண்டில ஏத்தி, எல்லை தாண்டிச் சித்தி வீட்ல கொண்டுபோய் விட்டேன்.”