என் அண்ணன் இன்னும் வரல!

"இன்னும் எத்தனை பேர்தாம்மா உங்க வீட்டுல ஓடுறாங்க?"

அறிவிப்பாளர் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

காலையில் நீச்சலில் தொடங்கி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற போட்டி. ஜெயித்தவர்கள் மத்தியானமே மெடலோடு வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. பொழுது சாயும் நேரம், இவர் மட்டும் மைக்கும் கையுமாக நிற்கிறார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

எல்லாம் இந்த அம்மாளால்.

முடிவுக் கோட்டில் நிற்பது காற்றடைத்த வளைவு. அதை வாடகைக்கு விட்ட பந்தல்காரர் அப்போதே சொல்லிவிட்டார். "சொந்தக்காரங்க யாராவது காத்திருந்தா வளைவு நிக்கட்டும். இல்லேன்னா காத்தைப் பிடுங்கிடுவேன். வர்றவங்க வெறும் ரோட்டுல வந்து நின்னுக்கட்டும்."

அவர் பம்புப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"ஐயையோ, என் அண்ணன் இன்னும் வரல!"

அண்ணன் வந்தார். தொந்தி முன்னால் வர, ஆள் பின்னால் வந்தார். "வாண்ணா! வந்தாச்சுண்ணா, இன்னும் நாலே எட்டு!" என்று டிபன் பாக்ஸ் மூடியைக் கரண்டியால் தட்டித் தெருவையே இரண்டாக்கினாள்.

அப்பாடா என்று பந்தல்காரர் எழுந்தார்.

"என் நாத்தனார் வரணுமே!"

நாத்தனார் நொண்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அதே தட்டல். பிறகு கொழுந்தனார். பிறகு ஒன்றுவிட்ட சித்தப்பா.

ஒரு குடும்பத்தில் ஒருத்தருக்குக்கூடவா காலில் தெம்பு இருக்காது? இவர்கள் பேசாமல் சொந்த மொட்டை மாடியிலேயே ஓடியிருக்கலாம் என்று அறிவிப்பாளருக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது அந்தத் தொந்தி அண்ணன், ஷூவைக் கையில் பிடித்தபடி அவரிடம் வந்தார்.

"சார், அந்தம்மா யாரு?"

"என்ன சார் இது, உங்க தங்கச்சிதானே?"

"கூடப்பிறந்தது யாருமே இல்லையே எனக்கு! தனியாத்தான் வந்தேன். அந்தத் திருப்பத்துல, போதும்டா சாமின்னு உட்காரப் போனேன். 'அண்ணா'ன்னு குரல் வந்துச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்கார்றது? ஓடி வந்துட்டேன்."

அறிவிப்பாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்தல்காரர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"ஏம்மா, அத்தனையும் பொய்யா? என்னை என்ன இளிச்சவாயன்னு நெனச்சியா? உன் ஆளு எவன்தான் ஓடுறான்?"

பக்கத்தில் நின்ற காரின் கதவு திறந்தது. கழுத்தில் மெடலோடு ஒருவர் கொட்டாவி விட்டபடி எட்டிப் பார்த்தார். "ஏய், நான் வந்து ஒரு தூக்கமும் போட்டாச்சு. கிளம்பலாமா, இல்ல இங்கேயே குடித்தனமா?"

"எங்க வீட்டுக்காரர்," என்று அம்மாள் முணுமுணுத்தாள். "மத்தியானமே வந்துட்டார். அவர் வந்தப்போ இங்க எள்ளு போட்டா எள்ளு விழாது. அந்தக் கூட்டத்துல என் சத்தம் அவர் காதுலயே விழல. இவங்களுக்குத்தான் தட்ட ஆளே இல்ல."

பந்தல்காரர் எதையும் கேட்பதாயில்லை. பம்பை நிறுத்தினார். புஸ்ஸென்று வளைவு தலை சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் ஒரு பெரியவர் திரும்பினார். அதை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. சரிகிற வளைவைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். இனிமேல் எந்த உறவைச் சொன்னாலும் எடுபடாது என்று அவளுக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"பம்பைப் போடுங்கண்ணே!" இன்னும் கல்யாணமே ஆகாத அறிவிப்பாளர் மைக்கிலேயே அலறினார். "வர்றது என் மாமனார்!"