புராஜெக்டுக்கு ஒரு குடும்பம்

"சோசியாலஜியா? அதப் படிச்சா என்னா வேலைம்மா கெடைக்கும்?"

பக்கிரிசாமி கேட்டதும், எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த சிந்துஜா சிரித்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள்.

"நாலு வீட்டுக்குப் போயி உண்மையத் தெரிஞ்சுக்கிற வேலை அங்கிள். இது புராஜெக்ட். 'இன்றைய குடும்பமும் திருமணமும்'னு தலைப்பு."

செம்மண்டலத்துத் தெரு வெயிலில் அவள் முகம் வாடியிருந்தது. அவர் மனைவி லோகநாயகி ஒரு தட்டில் பலாச்சுளை எடுத்து வந்து வைத்தாள்.

"ஏம்மா, உங்க தெருவுல வீடே இல்லியா?"

"தெரிஞ்சவங்கன்னா உண்மையச் சொல்ல மாட்டாங்க ஆண்ட்டி. மொதக் கேள்வி. வீட்டு வேலைய யாரு செய்யறீங்க?"

"பாதிக்குப் பாதி," என்றார் பக்கிரிசாமி சட்டென்று. "எம்மவன் சாப்ட்ட தட்டத் தானே கழுவி வச்சுருவான்."

உள்ளேயிருந்து அந்த மகனின் குரல் வந்தது. "அம்மா! என் துண்டு எங்க?"

"கொடியிலதான்டா கெடக்குது!" என்று கத்திவிட்டு லோகநாயகி தரையைப் பார்த்துக்கொண்டாள். சிந்துஜா எழுதினாள். ஒரு வரி ஜாஸ்தியாகவே எழுதினாள்.

"மருமக வேலைக்குப் போலாமா அங்கிள்?"

"தாராளமா போவட்டும். மேல படிக்கணும்னாலும் படிக்கட்டும்."

"வரதட்சணை?"

பக்கிரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத வாங்குறவன் மனுசனே இல்லம்மா. பெத்த புள்ளைய சந்தையில நிறுத்தி விக்கிற மாதிரி. அப்படியே எழுதிக்க."

லோகநாயகிக்குப் புரையேறியது. ஐம்பது பவுனில் ஒரு குன்றிமணி குறையக் கூடாது என்று மகனுக்குப் பெண் தேடும் தரகரிடம் காலையில் சொன்னதும் இதே வாய்தான்.

"ஆண்ட்டி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவளிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு நகை போடுறதுக்காவ எங்கப்பா காடாம்புலியூர்ல இருந்த ஒரே முந்திரித் தோப்ப வித்தாரு. இன்னிக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸுல போனா நான் கண்ண மூடிக்குவேன். இன்னொரு பொண்ணுக்கு அது வேணாம்மா."

பக்கிரிசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் கேட்டிராத பேச்சு. "அவ சொல்றதையும் எழுதிக்கம்மா," என்றார் மெதுவாக.

இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிந்துஜா எழுந்தாள். வாசல் வரை வந்த லோகநாயகி அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"கெட்டிக்காரிடி நீ. டீச்சர் நல்லா மார்க் போடுவாங்களா?"

"மார்க்க டீச்சர் போட்டுருவாங்க ஆண்ட்டி. முடிவத்தான் எங்க அக்கா சொல்லணும்," என்றாள் சிந்துஜா, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துக்கு நீங்க பொண்ணு பாக்க வர்றது அவளத்தான்."