தண்ணீர் ஊற்றித் தூக்கு

"இதுல தண்ணி ஊத்திக் குடுங்க," என்றார் மாமியார்.

கடை விற்பனையாளர் வாணலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். தண்ணீர் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

"வெறும் சட்டி எல்லாருக்கும் லேசாத்தான் இருக்கும். சமையல் வெறும் சட்டியிலயா நடக்குது?"

தண்ணீர் வந்தது. வார்ப்பிரும்பு வாணலி முக்கால்வாசி நிறைந்தது.

"தூக்கும்மா," என்றார் மருமகளிடம். "அப்படியே இந்த வாளியில சாய்."

மருமகள் வாணலியின் பக்கம் குனிந்தாள்.

குழந்தைக்கு ஆறு மாதம். பிரசவத்துக்குப் பிறகு அவளது வலது மணிக்கட்டில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரல் பக்கமாகச் சுரீரென்று இழுக்கும். கையில் இருப்பது நழுவிவிடும். போன வாரம் ஒரு டம்ளர். முந்தாநாள் பால் பாத்திரம். நல்லவேளை, பால் ஆறியிருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை அவளும் குழந்தையும் கணவன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபோகிறார்கள். இதுவரை சனி, ஞாயிறுக்கு மட்டும் வந்துபோன அப்பாவைப் பார்த்தால் குழந்தை இன்னும் உதட்டைப் பிதுக்குகிறது. கை விஷயம் தெரிந்தால் மாமியார் என்ன சொல்வார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சரியாகிற வரைக்கும் நீயும் குழந்தையும் இங்கேயே இருங்க, அவன் மட்டும் போகட்டும் என்பார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையையும் அடியில் கொடுத்து, ஒரு வழியாகச் சாய்த்தாள். மாமியார் வாணலியைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேணாம்."

ஒரு மாதமாக, குழந்தை தூங்குகிற நேரமெல்லாம் படித்துப் படித்து அவள் பட்டியல் போட்டிருந்தாள். ஒட்டாத பூச்சு போட்டது உரியும், அலுமினியத்தில் புளிப்பு ஆகாது, இரும்பு நல்லது. பட்டியலின் முதல் வரியே இந்த வாணலிதான்.

"அத்தை, இரும்புதான் குழந்தைக்கு நல்லதுன்னு படிச்சேன்."

"நல்லதுதான், யாரு இல்லேன்னா? எனக்குக் கை ஆகாதே. மாசம் ரெண்டு தடவையாவது பேரனைப் பார்க்க வருவேன். வந்துட்டு சும்மாவா உட்கார்ந்திருக்கப் போறேன்? நான் தூக்குற மாதிரி இருக்கணும்."

மருமகள் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். வீடு இவளுடையது, அடுப்படி இவளுடையது. மாசத்தில் ரெண்டு நாள் வருகிறவருக்கு அளவெடுத்துப் பாத்திரம்.

அடுத்து நீண்ட பிடி வைத்த எவர்சில்வர் சட்டி வந்தது. அதற்கும் தண்ணீர். அதையும் அவளே தூக்கினாள். நீட்டுப் பிடி கனத்தையெல்லாம் கையிலேயே இறக்கும், எனக்குச் சரிப்படாது என்று அதையும் தள்ளிவிட்டார் மாமியார். அஞ்சு லிட்டர் பாத்திரத்தைக் கண்டதும், இது எதுக்கு, கல்யாண வீட்டுக்கா என்று கேட்டு, அதற்குப் பதில் சின்னதாக இரண்டு எடுக்கச் சொன்னார்.

விற்பனையாளர் தரையைத் துடைத்தபடி, "இப்படியே போனா நான் அடுப்பையும் கொண்டாரணும் போலிருக்கே," என்றார்.

"கொண்டாங்க. நெருப்புல ஆடுதான்னும் பார்த்துரலாம்."

கடைசியில் தேறியவை இவைதான்: இரண்டு பக்கமும் காது வைத்த, மெல்லிய இரும்புத் தகட்டு வாணலி ஒன்று. அடி மட்டும் கனமாக இருக்கும் சின்ன எவர்சில்வர் சட்டிகள் இரண்டு. மூடியைத் திறக்காமலே வடிக்கிற மாதிரி, மூடியில் துளை போட்ட பாத்திரம் ஒன்று. பூச்சு போட்டது ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மாமியார் அவள் சொன்னதைக் கேட்டார். அதுவரைக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தான். மாமியார் பெட்டிகளைக் கட்டச் சொல்லி உள்ளேயே நின்றார். அந்த இடைவெளியில் மருமகள் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். கேட்டது ஒன்று, வாங்கியது ஒன்று. எல்லாம் அத்தையின் கை வலிக்காக.

"அம்மாவுக்கா கை வலி?" அவன் சிரித்தான். "காலையில நம்ம பீரோவை ஒத்தை ஆளா நகர்த்திட்டு அடியில பெருக்கினாங்க. பிடிக்கப் போன என்னை, நகரு, குறுக்க நிக்காதன்னு விரட்டிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் படி இறங்கி வந்துகொண்டிருந்தார், ஒரு கைக்கு இரண்டு பெட்டிகளாக. அவற்றை வண்டியில் வைத்துவிட்டு வந்து, மகனிடமிருந்து குழந்தையை வாங்கினார். கயிறு போட்டுக் கட்டு, வழியில உருளப்போகுது என்று அவனை வண்டியின் பின்பக்கம் அனுப்பினார்.

பிறகு குழந்தையை அவளிடம் கொடுத்தார். அவள் விரல்களை விலக்கி, குழந்தையின் பாரம் மணிக்கட்டில் விழாமல் முழங்கை மடிப்பில் விழுகிற மாதிரி சரிசெய்தார்.

"வியாழக்கிழமை போய் இறங்கினதும் முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு," என்றார் மெதுவாக. "அதுவரைக்கும் கை வலி எனக்குத்தான்."